ஒரு பெயருடையார் பலர்

பெயர் என்பது ஒருவரைப் பிறரினின்றும் வேறு பிரித்து அறிதற்பொருட்டு ஏற்பட்ட அடையாளம். ஆயினும், உலகில் மக்கள் பலராகவும் அவர்க்கு இடப்படும் பெயர்கள் சிலவாகவும் இருத்தலின், அவ்வடையாளமே சில வேளைகளில் மயக்கத்திற்குக் காரணமாகிவிடுகின்றது. மதுரையிலும் அதனைச் சூழ்ந்த ஊர்களிலும் மீனாட்சி, சுந்தரம், சொக்கலிங்கம், அழகர் என்னும் பெயர்கள் தலைமுறை தலைமுறையாக இடப்பட்டு வருவனவாம். ஒரே வகுப்பில் சுந்தரம் என்னும் பெயருடைய மாணவர் இருவர் அமர்ந்துவிட்டால் ஆசிரியர் என் செய்கின்றார்? தந்தை பெயரின் முதலெழுத்தை முன்னே சேர்த்து அழைக்கின்றார். அவ்வெழுத்தும் ஒன்றாயிருப்பின், 'நெட்டைச் சுந்தரம்' என்றும் 'மேலூர்ச் சுந்தரம்' என்றும் உடன் பயில்வோரே அடைமொழி கொடுத்துவிடுகின்றனர்.

பாட்டனுடைய பெயரைப் பேரனுக்கு இடுதல் தமிழர் மரபு. பேரன் என்னும் சொல்லே பெயரன் என்பதன் மரூஉ ஆகும். பாட்டனின் பெயரைத் தாங்கியவன் என்பது அதன் பொருள். பண்டைக் கிரேக்கரிடத்தும் இவ்வழக்கம் இருந்தது. இத்தகைய மரபு வேரூன்றிய ஒரு குடியில், இரண்டு மூன்று தலைமுறைக்கு ஒரு முறை பழைய பெயர் மீண்டும் தோன்றுதல் இயல்பே. குடிமக்களிடையே இதனால் விளையும் தொல்லை சிறிது. நாடாண்ட வேந்தரிடத்தும் நூல் செய்த புலவரிடத்தும் இது நேருமாயின், ஒருவன் செய்த பிழை மற்றொருவன் தலையில் ஏறும். ஒருவன் பெற்ற புகழ் மற்றொருவனுக்கு உரியதாகிவிடும். மதுரையை ஆண்ட பாண்டியர் வரலாற்றிலேயே இதற்குச் சான்று காணலாம்.

சங்க காலப் பாண்டியருள் நெடுஞ்செழியன் என்னும் பெயருடன் சிறந்து விளங்கியோர் இருவர். அவருள் ஒருவன் ஆரியப்படை கடந்த நெடுஞ்செழியன். வடவர் படையை வென்றமையால் இவ்வடைமொழி அவனுக்கு உரியதாயிற்று. அவன் வாளேந்திய வீரனாக மட்டும் இருந்தானல்லன். பாடல் புனையும் ஆற்றலும் உடையவன். கல்வியின் சிறப்பைக் கூறும் அவனது பாடல் ஒன்று புறநானூற்றில் 183-ஆம் பாடலாக அமைந்துள்ளது. ஆசிரியருக்கு உற்றுழி உதவியும், மிக்க பொருள் கொடுத்தும், வழிபாட்டில் வெறுப்புக் கொள்ளாமலும் கற்றல் வேண்டும் என்றும், ஒரு வயிற்றில் பிறந்தோருள்ளும் கற்றவனிடத்திலேயே தாயின் மனம் சாயும் என்றும், அரசும் அறிவுடையோன் காட்டிய வழியிலேயே செல்லும் என்றும் அவன் கூறுகின்றான்.

சிலப்பதிகாரத்தில் கோவலனைக் கொல்வித்து, பின்னர்த் தன் பிழை உணர்ந்து உயிர் துறந்த வேந்தனும் இவனே எனக் கொள்வர். அந்நூலின் மதுரைக் காண்டத்து இறுதிக் கட்டுரையில் இளங்கோவடிகள் அவனை, ஆரியப்படை கடந்து அரசுகட்டிலில் துஞ்சிய நெடுஞ்செழியன் எனத் தெளிவாகக் குறிப்பிடுகின்றார். அம்மன்னன் செய்த பிழைதான் யாது? ஒன்றுபோல் தோன்றும் இரண்டு சிலம்புகளை வேறு பிரித்து அறிய முயலாமையே ஆகும். கோப்பெருந்தேவியின் சிலம்பில் முத்துப் பரல்கள் இருந்தன. கண்ணகியின் சிலம்பில் மாணிக்கப் பரல்கள் இருந்தன. புறத்தே நோக்குவார்க்கு இரண்டும் ஒரு தன்மையன. பொற்கொல்லன் கூறியதைக் கேட்ட வேந்தன், சிலம்பை உடைத்துப் பார்க்கவோ கோவலனை வினவவோ பொழுது ஒதுக்கவில்லை. அவ்வொரு நாழிகை ஆராயாமையால் அடுத்தடுத்துக் கோவலன் உயிரும், அரசன் உயிரும், அரசியின் உயிரும் நீங்கின. மதுரை நகரும் எரிக்கு இரையாயிற்று எனக் காப்பியம் கூறுகின்றது.

மற்றொருவன் தலையாலங்கானத்துச் செருவென்ற நெடுஞ்செழியன். இவன் முன்னவனுக்குப் பிற்பட்டவன் என்பது ஆராய்ச்சியாளர் பெரும்பாலோர் கருத்து. மிக இளம்பருவத்திலேயே இவன் அரசுரிமை எய்தினான். 'இவன் சிறுவன், எளிதில் வென்றுவிடலாம்' என எண்ணிய சேரனும் சோழனும், திதியன், எழினி, எருமையூரன், இருங்கோவேண்மான், பொருநன் என்னும் வேளிர் ஐவரும் ஒருங்கு திரண்டு போருக்கு எழுந்தனர். எழுவரையும் தலையாலங்கானம் என்னுமிடத்தில் இளைஞனாகிய செழியன் தான் ஒருவனாகவே எதிர்த்து வென்றான். அவ்விடம் திருவாரூர்ப் பகுதியில் உள்ள தலையாலங்காடு என்பர். காலில் அணிந்த சிறுவர்க்குரிய கிண்கிணியைக் கழற்றிய அண்மையிலேயே இவன் வில்லேந்திப் போருக்கு எழுந்ததைக் கண்டு வியந்து இடைக்குன்றூர் கிழார் பாடிய பாடல்கள் புறநானூற்றில் உள்ளன.

போருக்குப் புறப்படும் முன் இவன் கூறிய வஞ்சினமும் ஒரு பாடலாக நமக்குக் கிடைத்துள்ளது. பகைவரை வென்று அவர்தம் முரசத்தைக் கைப்பற்றேனாயின், என் குடைநிழலில் வாழும் குடிகள் 'எம் வேந்தன் கொடியன்' என்று கண்ணீர் விட்டுப் பழிதூற்றும் நிலையை யான் அடைவேனாக. மாங்குடி மருதன் தலைவனாக உள்ள புலவர் என் நாட்டைப் பாடாது நீங்குக. இரப்போர்க்கு ஈய இயலாத வறுமை என்னை அடைக என்பது அதன் கருத்து. ஓர் இளவேந்தன் தனக்கு நேரக்கூடிய பெருங்கேடுகளாக எண்ணியவை எவை என்பதை மாணவர் நோக்குதல் வேண்டும். உயிரிழப்பை அவன் ஒரு பொருட்டாகக் கூறவில்லை. குடிகளின் பழிச்சொல்லையே முதற்கண் வைத்தான்.

இப்பொழுது ஒன்றை எண்ணிப் பார்ப்போம். அடைமொழிகள் இரண்டும் அழிந்து, 'பாண்டியன் நெடுஞ்செழியன்' என்னும் பெயர் மட்டும் எஞ்சியிருப்பின் நிலைமை என்னாகும்? கோவலனைக் கொல்வித்தவனே தலையாலங்கானத்து வென்றவன் என நாம் கொண்டிருப்போம். 'குடி பழிதூற்றும் கொடுங்கோல் வேந்தன் ஆகேனாக' என்று சூள் உரைத்த இளைஞனே, பின்னாளில் ஆராயாது தீர்ப்புக் கூறிய முதியவன் என்று ஒரு கதையும் கட்டியிருப்போம். கதை சுவையாகத்தான் இருக்கும். ஆயினும் அது பொய். இரண்டு வாழ்க்கைகளை உருக்கி ஒன்றாக வார்த்ததாகவே முடியும்.

அவ்வாறு ஆகாமல் காத்தவை சங்கப் பாடல்களின் அடியில் எழுதப்பட்டுள்ள குறிப்புகளே. பாடியவர் இன்னார், பாடப்பட்டோர் இன்னார், திணை இது, துறை இது என அவை சுருங்கக் கூறுகின்றன. பாடலின் உள்ளே பெரும்பாலும் 'செழியன்', 'வழுதி', 'மாறன்' என்னும் பொதுப்பெயர்களே காணப்படும். எந்தச் செழியன், எந்த வழுதி என்பதை உரைப்பவை இக்குறிப்புகளே. நக்கீரர் இயற்றிய நெடுநல்வாடையில் தலைவனது பெயர் ஓரிடத்தும் கூறப்படவில்லை. படைத்தலைவனது வேலில் வேம்பின் மாலை சூட்டப்பட்டிருந்தது என்னும் ஒரு குறிப்பு மட்டுமே அது பாண்டியனைப் பற்றியது என்பதைக் காட்டுகின்றது. அவன் தலையாலங்கானத்துச் செருவென்றவன் என்பதை நாம் அறிவது அடிக்குறிப்பால்தான். மாங்குடி மருதனார் பாடிய மதுரைக்காஞ்சியின் தலைவனும் அவனே. இக்குறிப்புகள் பாடல்களைத் தொகுத்த பிற்காலத்தாரால் எழுதப்பட்டன ஆகலின், அவற்றையும் ஆராய்ந்தே கொள்ளுதல் வேண்டும் என்பர். உண்மையே, எனினும் அவை இல்லையேல் ஆராய்தற்கே இடமிராது.

ஓலைச் சுவடிகளில் செல்லரித்தும் எழுத்துச் சிதைந்தும் கிடந்த இக்குறிப்புகளை ஒப்புநோக்கி, புறநானூற்றை 1894-ஆம் ஆண்டில் அச்சிட்டு வெளியிட்டவர் டாக்டர் உ. வே. சாமிநாதையர். பாடினோர் இன்னார், பாடப்பட்டோர் இன்னார் என அவர் வகைப்படுத்தி எழுதிய வரலாறுகள் பின்வந்த ஆராய்ச்சியாளர் யாவர்க்கும் வழிகாட்டியாயின. ஒரு பெயருக்குரியார் இருவரோ மூவரோ என்னும் ஐயம் எழும் ஒவ்வோரிடத்தும் ஓலைகள் பலவற்றைப் புரட்டி முடிவு காண்பது எத்துணைப் பொறுமை வேண்டும் பணி என்பதைச் சுவடி படித்தவரே அறிவர்.

பாண்டியர் பிறர்க்கும் இவ்வாறே அடைமொழிகள் உண்டு. பல வேள்விகளைச் செய்தவன் பல்யாகசாலை முதுகுடுமிப் பெருவழுதி. கானப்பேரெயில் என்னும் அரணை வென்றவன் கானப்பேரெயில் கடந்த உக்கிரப் பெருவழுதி. கடலில் மறைந்தவன் கடலுள் மாய்ந்த இளம்பெருவழுதி. சிலர்க்கு அவர் உயிர்நீத்த இடமே அடைமொழியாயிற்று. வெள்ளியம்பலத்துத் துஞ்சிய பெருவழுதி, கூடகாரத்துத் துஞ்சிய மாறன் வழுதி, இலவந்திகைப் பள்ளித் துஞ்சிய நன்மாறன், சித்திரமாடத்துத் துஞ்சிய நன்மாறன் என்னும் பெயர்களைக் காண்க. 'இறந்த' என்று கூறாது 'துஞ்சிய' என்று, உறங்கியவரைக் கூறுவது போலக் கூறியிருப்பது நம் முன்னோரின் நாகரிகம். நன்மாறர் இருவராயிருந்தனர்; ஒருவன் இலவந்திகைப் பள்ளியிலும் மற்றொருவன் சித்திரமாடத்திலும் உயிர் நீத்தனர்; அவ்விரண்டு இடப்பெயர்களே அவர்களைப் பிரித்துக் காட்டும் வேலியாக இன்றளவும் நிற்கின்றன.

இனி, மூன்றாவது நெடுஞ்செழியன் ஒருவனையும் நாம் சந்திக்கின்றோம். அவன் இருப்பது ஏட்டில் அன்று, கல்லில். மதுரைக்கு வடகிழக்கே, அழகர் மலைக்கு அணித்தாக, மாங்குளம் என்னும் ஊர் உள்ளது. அதனருகே உள்ள குன்றின் குகைகளில் பண்டைச் சமண முனிவர் தங்குதற்குக் கற்படுக்கைகள் வெட்டப்பட்டுள்ளன. அவற்றின் மேலே பாறையில் பழைய எழுத்துகளும் பொறிக்கப்பட்டுள்ளன. 1882-ஆம் ஆண்டில் இராபர்ட் சூவல் என்னும் ஆங்கிலேயர் இவற்றைக் கண்டு உலகிற்கு அறிவித்தார். எழுத்துகள் இருந்தனவேயன்றி அவற்றின் பொருள் நெடுங்காலம் விளங்கவில்லை. பின்னர் அறிஞர் கே. வி. சுப்பிரமணிய ஐயர் அவை தமிழே எனக் காட்டினார். 1960-களில் ஐராவதம் மகாதேவன் அவற்றை மேலும் தெளிவாகப் படித்து, அவற்றில் 'நெடுஞ்செழியன்' என்னும் பெயர் இருப்பதை எடுத்துரைத்தார்.

கணிநந்தன் என்னும் முனிவர்க்கு, நெடுஞ்செழியனின் அலுவலனாகிய கடலன் வழுதி என்பவன் உறையுள் அமைத்துக் கொடுத்தமையை அக்கல்வெட்டுகளுள் ஒன்று கூறுகின்றது. அவ்வேந்தனுக்குச் சகலன் முறையுடைய ஒருவனின் தந்தையும், வெள்ளறை என்னும் ஊரின் வணிகக் குழுவினரும் செய்த அறங்களும் அங்கே குறிக்கப்பட்டுள்ளன. இவ்வெழுத்துகள் கி.மு. 2-ஆம் நூற்றாண்டைச் சார்ந்தவை என மகாதேவன் கணித்தார். கல்லில் பொறிக்கப்பட்ட நெடுஞ்செழியன் யாவன்? ஆரியப்படை கடந்தவனா, தலையாலங்கானத்து வென்றவனா, அவ்விருவர்க்கும் முன்னோனா? கல்வெட்டு அதற்கு விடை கூறவில்லை. பாறையில் எழுதியவனுக்கு அடைமொழி தேவைப்படவில்லை. அவன் காலத்தில் நாட்டை ஆண்டவன் ஒருவனே. 'நெடுஞ்செழியன்' என்றால் எல்லார்க்கும் தெரியும். இரண்டாயிரம் ஆண்டுகளுக்குப் பின் வந்து படிக்கும் நமக்கே அது போதவில்லை. பெயர் ஒத்திருக்கின்றது என்னும் ஒன்றையே கொண்டு இவனையும் இலக்கியச் செழியருள் ஒருவனாக்குதல் அவசர முடிபாகும்.

பாண்டியரைப் பற்றி எழுதிய யவன அறிஞரும் இப்பெயர் மயக்கத்திற்குத் தப்பினாரல்லர். உரோம நாட்டினராகிய பிளினி என்பார், பாண்டியனது தலைநகர் கடற்கரைத் துறைமுகத்திற்கு நெடுந்தொலைவில், உள்நாட்டில் இருப்பதாகவும், அதன் பெயர் 'மோதுரா' என்றும் தம் 'இயற்கை வரலாறு' என்னும் நூலில் எழுதியுள்ளார். இவர் கி.பி. 79-இல் வெசூவியஸ் எரிமலை வெடித்தபொழுது அதனைக் காணவும் மக்களை மீட்கவும் கப்பலிற் சென்று உயிர் துறந்தார். அந்நிகழ்ச்சியைக் கடிதமாக எழுதி உலகிற்கு உரைத்தவர் பெயரும் பிளினியே! அவர் இவருடைய உடன்பிறந்தாள் மகன். மாமனால் மகனாக ஏற்கப்பெற்று அவர் பெயரைத் தாங்கியவர். ஆதலின் வரலாற்றாசிரியர் மாமனை மூத்த பிளினி என்றும், மருகனை இளைய பிளினி என்றும் வழங்குவாராயினர்.

மதுரையைப் பாண்டியரின் அரசிருக்கை எனக் குறித்த மற்றொருவர் தாலமி. இவர் கி.பி. 2-ஆம் நூற்றாண்டில் எகிப்து நாட்டு அலெக்சாந்திரியாவில் வாழ்ந்த நில நூல் வல்லுநர். எகிப்தை ஆண்ட மன்னர் பலரும் தாலமி என்னும் பெயருடையராயிருந்தமையால், இடைக்கால ஐரோப்பியர் சிலர் இவரையும் ஓர் அரசராகவே எண்ணிவிட்டனர். ஓவியங்களில் இவர் தலைமேல் மணிமுடியையும் தீட்டினர்! பெயரொற்றுமை ஏழை அறிஞர் ஒருவர்க்கு அளித்த இம்முடியால் எவர்க்கும் தீங்கு விளையவில்லை. எல்லா இடத்தும் அவ்வாறு நிகழும் என்று கூறுதற்கில்லை.

கி.மு. 44-ஆம் ஆண்டில் உரோமில் ஜூலியஸ் சீசர் கொலையுண்டார். அவரது இறுதிச் சடங்கு நாளில் நகர மக்கள் சினத்தால் கொதித்தனர். அக்காலத்தில் சின்னா என்னும் பெயருடையார் இருவர் அந்நகரில் இருந்தனர். கார்னீலியஸ் சின்னா என்பவன் சீசரை இகழ்ந்து பொதுமன்றில் பேசி மக்களின் வெறுப்புக்கு ஆளாகியிருந்தான். ஹெல்வியஸ் சின்னா என்பவரோ சீசரின் நண்பர், கவிஞர். காய்ச்சலுற்றிருந்தும், நண்பருக்கு இறுதி மரியாதை செலுத்தக் கருதி அவர் வெளியே வந்தார். கூட்டத்தில் ஒருவன் 'இவர் யார்?' என வினவ, மற்றொருவன் 'சின்னா' என்றான். அச்சொல் வாய்க்கு வாய் பரவியது. 'எந்தச் சின்னா?' எனக் கேட்பார் அங்கு ஒருவரும் இல்லை. மக்கள் அவரைச் சூழ்ந்து அங்கேயே கொன்றுவிட்டனர். இச்செய்தியைப் புளூட்டார்க் எழுதியுள்ளார். ஆங்கில நாடக ஆசிரியராகிய ஷேக்ஸ்பியர் தம் 'ஜூலியஸ் சீசர்' நாடகத்தில் இதனை ஒரு காட்சியாக அமைத்துள்ளார். மதுரையில் சிலம்பொற்றுமை கோவலனைக் கொன்றது போல, உரோமில் பெயரொற்றுமை ஒரு கவிஞரைக் கொன்றது.

உரோமர் இடும் முதற்பெயர்கள் மிகச் சிலவே. அதனால் குடிப்பெயரும் சிறப்புப் பெயரும் சேர்த்து வழங்குதல் அவர்க்கு இன்றியமையாததாயிற்று. அதுவும் சில வேளை போதவில்லை. கி.மு. 202-இல் ஹானிபாலை ஆப்பிரிக்க நாட்டில் வென்ற சிபியோவுக்கு 'ஆப்பிரிக்கானஸ்' என்னும் வெற்றிப்பெயர் வழங்கினர். அவன் மகனால் மகனாக ஏற்கப்பெற்ற மற்றொரு சிபியோ கி.மு. 146-இல் கார்த்தேஜ் நகரை அழித்தான். அவனுக்கும் அதே வெற்றிப்பெயர் உரியதாயிற்று. பெயரும் ஒன்று, அடைமொழியும் ஒன்று! நம் செழியர் இருவர்க்கும் தனித்தனி அடைமொழி அமைந்தது நமது நற்பேறு.

கிரேக்கரோ தந்தை பெயரைச் சேர்த்து வழங்கினர். ஏதென்சு நகரில் பெரிக்கிளீசை எதிர்த்து நின்ற அரசியல் தலைவர் மெலேசியஸ் மகன் தூசிடிடீஸ்; அந்நகரின் பெரும்போரை வரலாறாக எழுதியவர் ஓலோரஸ் மகன் தூசிடிடீஸ். கி.மு. முதல் நூற்றாண்டில் வாழ்ந்த தெமெட்ரியஸ் என்னும் கிரேக்க அறிஞர், ஒரே பெயருடைய புலவர்களையும் நூலாசிரியர்களையும் பற்றித் தனியே ஒரு நூல் செய்தார். அந்நூல் இன்று கிடைக்கவில்லை. அதனினின்றும் செய்திகளை எடுத்தாண்ட டயோஜனீஸ் லயர்ட்டியஸ் என்பாரின் நூல் கிடைத்துள்ளது. தத்துவ ஞானியாகிய தேல்ஸின் வரலாற்றைக் கூறி முடித்ததும், அப்பெயருடைய பிறர் ஐவர் இருந்தனர் என்று அவர் அதில் குறித்துச் செல்கின்றார்.

தமிழ்ப் புலவர்க்கும் இத்தகைய நூல் ஒன்று மிகவும் வேண்டற்பாலது. சாத்தன் என்னும் பெயருடைய புலவரை மட்டும் எண்ணினாலும், ஆலம்பேரி சாத்தனார், ஒக்கூர் மாசாத்தனார், பெருந்தலைச் சாத்தனார், உறையூர்க் கதுவாய்ச் சாத்தனார் எனப் பட்டியல் நீளும். மதுரைப் புலவரிடையே ஒருவரை ஒருவரினின்றும் பிரித்தறியத் தொழிற்பெயர் பெரிதும் உதவியது. மதுரை அறுவை வாணிகன் இளவேட்டனார் துணி விற்றவர்; மதுரைக் கணக்காயனார் சிறுவர்க்கு எழுத்தறிவித்தவர்; மதுரைப் பொன்செய் கொல்லன் வெண்ணாகனார் பொன் வேலை செய்தவர். பெயர் மயக்கத்தைத் தவிர்க்க எழுந்த இவ்வடைமொழிகள், அந்நகரின் கடைத்தெருவில் நின்றவரும் பட்டறையில் அமர்ந்தவரும் செய்யுள் இயற்றினர் என்னும் அரிய செய்தியை நமக்குத் தந்துவிட்டன. இதற்கு நேர்மாறாக, சிலருடைய இயற்பெயர் முற்றிலும் மறைந்துபோயிற்று. செம்புலப்பெயனீரார், அணிலாடு முன்றிலார் என, அவர் பாட்டில் வந்த தொடரையே தொகுத்தோர் பெயராக்கினர். அப்பெயருக்கு வேறு உரிமையாளர் எக்காலத்தும் தோன்றார்!

நக்கீரர் பெயரில் உள்ள சிக்கல் பெரிது. நெடுநல்வாடை பாடிய நக்கீரர் மதுரைக் கணக்காயனாரின் மகனார். பொற்றாமரைக் குளக்கரையில் இறைவனோடு வாதிட்டவராகத் திருவிளையாடற் கதையில் வருபவரும் அவரே எனப் பொதுமக்கள் கருதுவர். சைவத் திருமுறைகளுள் பதினோராம் திருமுறையில் அந்தாதி முதலிய நூல்களைச் செய்த நக்கீரதேவ நாயனார் ஒருவர் உளர். அவற்றின் சொல்லும் யாப்பும் சங்கப் பாடல்களினின்றும் பெரிதும் வேறுபடுதலின், அவர் மிகப் பிற்பட்டவர் எனத் துணிவர். இறையனார் அகப்பொருள் உரை மற்றொரு சான்று. நக்கீரர் தம் மகனார் கீரங்கொற்றனார்க்கு அதனை உரைத்ததாகவும், அவர் தேனூர் கிழார்க்கு உரைத்ததாகவும், இவ்வாறே வழிவழியாக வந்து முசிறி நீலகண்டனாரை அடைந்ததாகவும் அவ்வுரையே கூறுகின்றது. அதில் எடுத்துக்காட்டப்பட்டுள்ள கோவைப் பாடல்களின் தலைவனோ கி.பி. 7-ஆம் நூற்றாண்டுப் பாண்டியனாகிய நெடுமாறன். ஆகவே இன்று நம் கையில் உள்ள உரை சங்கப் புலவர் எழுதியபடியே இருத்தல் இயலாது.

ஔவையார் செய்தியும் இத்தகையதே. அதியமானைப் பாடிய சங்க கால ஔவையார் வேறு. ஆத்திசூடியும் கொன்றைவேந்தனும் அருளிய ஔவையார் வேறு. இருவர்க்கும் இடையே பல நூற்றாண்டுகள் உள்ளன. ஆயினும் மக்கள் உள்ளத்தில் ஔவை ஒருவரே. பழமுதிர்சோலையில் நாவல் மரத்தின்மேல் அமர்ந்த சிறுவன் சுட்ட பழம் வேண்டுமா என வினவியதும் அந்தப் பாட்டியைத்தான். அன்புடைய மயக்கம் ஆதலின் இதனை யாரும் கடிந்து கூறார். கதையாகக் கேட்கையில் ஒருவராகவும், வரலாறாகப் படிக்கையில் பலராகவும் கொள்வதில் தடையொன்றுமில்லை.

பிற்காலப் பாண்டியர் வரலாற்றில் அம்மயக்கம் பெருந்தொல்லையாய் முடிந்தது. சுந்தர பாண்டியன் என்னும் பெயரைச் சூடியோர் பலர். 1216-இல் அரியணை ஏறிச் சோழ நாட்டை வென்று மீண்டும் சோழனுக்கே வழங்கியவன் மாறவர்மன் சுந்தர பாண்டியன். 1251-இல் ஆட்சிக்கு வந்து திருவரங்கக் கோயிலுக்குப் பொன் வேய்ந்தவன் சடையவர்மன் சுந்தர பாண்டியன். 1310-ஐ ஒட்டித் தன் உடன்பிறந்தானாகிய வீரபாண்டியனோடு அரசுரிமைப் போர் நிகழ்த்தியவன் வேறொரு சுந்தர பாண்டியன். கல்வெட்டுகளில் சக ஆண்டு குறிக்கப்படுதல் அரிது. 'இம்மன்னனது இத்தனையாவது ஆட்சியாண்டு' என்றே பெரும்பாலும் காணப்படும். எந்த மன்னன்?

வானநூல் இங்கே துணைக்கு வந்தது. கல்வெட்டுகள் பலவற்றில் திங்கள், பக்கம், திதி, கிழமை, நாள்மீன் ஆகியவை கூறப்பட்டுள்ளன. குறித்த ஒரு திதியும், குறித்த ஒரு கிழமையும், குறித்த ஒரு நாள்மீனும் ஒருங்கே அமையும் நாள் மிக அரிதாகவே வரும். அந்நாளைக் கணக்கிட்டுக் கண்டால், ஆட்சியாண்டைக் கழித்து மன்னன் அரியணை ஏறிய ஆண்டைப் பெறலாம். கீல்ஹார்ன் என்னும் செருமானிய அறிஞரும், மாங்குளம் எழுத்துகளை முதலிற் கண்ட சூவலும், திவான் பகதூர் எல். டி. சாமிக்கண்ணுப் பிள்ளையும் இவ்வாறு பல நாள் கணக்கிட்டு, ஒரு பெயரில் மறைந்து கிடந்த வேந்தர் பலரைத் தனித்தனியே பிரித்தெடுத்தனர்.

எல்லா வழக்கும் இவ்வாறு தீர்ந்துவிடவில்லை. மணிமேகலையை இயற்றியவர் மதுரைக் கூலவாணிகன் சாத்தனார். சங்கத் தொகை நூல்களில் சீத்தலைச் சாத்தனார் பெயரால் பத்துப் பாடல்கள் உள்ளன. குற்றமுள்ள பாடலைக் கேட்குந்தோறும் எழுத்தாணியால் தம் தலையில் குத்திக்கொண்டமையால் அவர் தலை சீப்பிடித்தது என்றும், அதனால் அப்பெயர் வந்தது என்றும் ஒரு கதை வழங்குகின்றது. சீத்தலை என்பது ஊர்ப்பெயர் என்பதே பொருத்தம். இருவரும் ஒருவரே என்பார், தானியம் விற்ற மதுரைச் சாத்தனார் என்னும் மரபை எடுத்துக்காட்டுவர். இருவரும் வேறு என்பார், சங்கப் பாடல்களில் பௌத்தச் சாயல் இல்லாமையையும், மணிமேகலையில் வரும் அளவை நூற்பகுதி திந்நாகர் மரபினரின் தருக்க நூல்களோடு ஒத்திருத்தலையும் எடுத்துக்காட்டி, காப்பியச் சாத்தனாரைப் பிற்பட்டவர் என்பர். இரு திறத்தார் கருத்துக்கும் சான்றுகள் உள்ளமையின், சாத்தனார் ஒருவரோ இருவரோ என்னும் வழக்கு இன்னும் முடிவு பெறாமலே இருந்துவருகின்றது.